வாயில் போட்டுப் பார்த்தவர்

என் வாழ்நாளில் நான் தின்ற மாட்டுத் தீவனத்தையெல்லாம் ஒன்றாகக் கொட்டி வைத்தால், ஒரு கறவை மாடு கொஞ்ச காலம் கவலையில்லாமல் கறக்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி வேறு எதையும் செய்யாததால் இதையாவது சொல்கிறேன். எனக்கு அதை அள்ளி அள்ளிக் கொடுத்தவர் என் மாமனார். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரு தீவன மில் வைத்திருந்தார்.

அறுபதுகளின் பிற்பாதியில் நான் அங்கே பெண் பார்க்கப் போனேன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி அம்மாவும் சித்தப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது என் சட்டையில் கஞ்சி இருந்த அடையாளமே இல்லை. பையன் காலேஜில் படித்தவன் என்று சித்தப்பா சொல்லி வைத்திருந்தார். படித்தது உண்மைதான். பாஸ் செய்தேனா என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் அவர் எழுந்துகொண்டார். "மொதல்ல மில்லப் பாத்துட்டு வந்துருவோம் வாங்க மாப்ளே. பொண்ணு எங்கியும் போயிறாது." நிச்சயம் ஆவதற்கு முன்பே மாப்ளே என்று கூப்பிட்டதில் நான் குளிர்ந்துபோனேன். மில்லுக்குள் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து ஒரு குவியல் கிடந்தது. அதிலிருந்து ஒரு கை அள்ளினார். பாதியைத் தன் வாயில் போட்டார். மீதியை என்னிடம் நீட்டினார்.

"போடுங்க."

அந்தப் பக்கத்துப் பலகாரம் ஏதோ என்று நினைத்தேன். பொரிமாவு மாதிரிதான் இருந்தது. வாயில் கொட்டியதும் தவிடு தொண்டையைப் பார்த்துப் போனது, புண்ணாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பினால் சம்பந்தம் போய்விடுமோ என்ற பயத்தில் முழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மென்றுகொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சோறு போடப்போகிறது என்று அப்போது தெரியாது.

லூர்து மேரி காப்பி கொண்டுவந்தபோது என் மீசையெல்லாம் தவிடு. பெண் தலையைக் குனிந்து காப்பியை நீட்ட வேண்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் தலையாட்டினேன். அவர் எதற்குத் தலையாட்டினார் என்பதைச் சித்தப்பாவிடம் அவரே சொன்னார். "பையன் மூஞ்சியில எதுவும் ஒளியாதுங்க. உள்ள இருக்கறது அப்படியே வெளிய தெரியுது. எனக்குப் புடிச்சுப் போச்சு." சித்தப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அம்மா பஸ் ஏறும் வரை பேசவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வேறு வேலை கிடைக்காததால் நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆனேன். மில்லில் எனக்கு மேற்பார்வை. எதை மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மில்லில் தவிடு, சோளம், கேழ்வரகு, புண்ணாக்கு, புளியங்கொட்டைத் தூள், ஜவ்வரிசி ஆலையிலிருந்து வரும் மரவள்ளிச் சக்கையான திப்பி எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். எது வந்து இறங்கினாலும் அவர் வாயில் போடாமல் உள்ளே போகாது. கலந்து முடிந்ததும் மறுபடி ஒரு சிட்டிகை. கோணி ஊசியால் மூட்டையின் வாயைத் தைப்பதற்கு முன் இன்னொரு சிட்டிகை. "நம்ம வாய்க்கு ஆகாதது மாட்டு வாய்க்குப் போவக்கூடாது" என்பார். வாங்க வருகிறவர்களும் தரத்தைப் பற்றியெல்லாம் கேட்க மாட்டார்கள். "வாயில போட்டுப் பாத்தாச்சுங்களா?" என்பார்கள். அவர் தலையாட்டினால் மூட்டை மாட்டு வண்டியில் ஏறிவிடும். அந்தத் தலையாட்டலை வைத்துத்தான் எங்கள் குடும்பமும் மில்லில் வேலை செய்தவர்களின் குடும்பங்களும் சாப்பிட்டோம்.

அவர் மட்டும் தின்றிருந்தால் அவரை ஒரு மாதிரி என்று ஊர் விட்டிருக்கும். அடுத்தவர்களையும் விட மாட்டார். லோடு கொண்டுவரும் லாரி டிரைவர் தின்ன வேண்டும். கால்நடை டாக்டர் தின்ன வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மில்லை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க வரும் பங்குச் சாமியாருக்கும் ஒரு தட்டில் கொஞ்சம் வைத்து நீட்டினார். சாமியார் நல்ல மனுஷர். மென்று பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று வேடிக்கையாகச் சொன்னார். இவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கலவையில் உப்பைக் கூட்டிவிட்டார். மாடுகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் வாயில் எதுவும் போட மாட்டார், பூசையில் வெறும் வயிற்றோடு நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்பதால். அதனால் பூசை முடியும் வரை லோடு வந்தாலும் வாசலிலேயே நிற்கும்.

கோழித் தீவனம் கலக்க ஆரம்பித்த புதிதில் கருவாட்டுத் தூள் சேர்த்ததை எனக்கு அவர் கொடுத்தார். இட்லிப் பொடியாக இருக்குமோ என்று ஆசையாக வாயில் போட்டேன். அன்று ராத்திரி லூர்து பாயை எடுத்துக்கொண்டு தன் அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள்.

மில்லுக்கு வெளியிலும் அவர் வாய்க்கு வேலை இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய விவசாயிகள் வீட்டு முன்னால் மண்ணுக்கடியில் குழி வெட்டி, சுற்றி வைக்கோல் கொடுத்து, கேழ்வரகைக் கொட்டி, கல்லை வைத்து மண் பூசி மூடிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். திறக்கும்போது நடுவில் இருப்பது புதுத் தானியம் போலவே வரும். சுவரோரம் இருப்பது கறுத்துக் கட்டிதட்டியிருக்கும். அதைத் தீவனத்துக்கு வாங்க இவர் போவார். குழி திறக்கிற வீட்டில் இவர் வரும் வரை கூடையைத் தொட மாட்டார்கள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு வாய் போட்டுக்கொண்டு கையைக் காட்டுவார்.

"இது மனுசனுக்கு. இது மாட்டுக்கு. இது மண்ணுக்கு."

மூன்று குவியல்கள் விழும். மழையில்லாத வருஷங்களில் மாட்டுக் குவியலைப் பார்த்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். இவர் மறுபடி ஒரு வாய் போட்டு மெதுவாக மெல்வார். "களி கிண்டலாம்மா. பெரியவங்க சாப்புடட்டும். கொழந்தைக்கு வேணாம்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

முதல் முறை நானும் கூடப் போனேன். மூடியை எடுத்ததும் உள்ளே கெட்ட காற்று இருக்கும் என்று லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். காலேஜில் படித்தவன் ஆயிற்றே என்று, விளக்கு ஏன் அணைகிறது என்பதைச் சுற்றி நின்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தேன். நான் விளக்கி முடித்தபோது லாந்தர் எரிந்தபடியே மேலே வந்து, ஆள் இறங்கி, கூடைகள் வெளியே வந்திருந்தன. கேட்டுக்கொண்டிருந்தது ஒரு கன்றுக்குட்டி மட்டும்தான்.

எழுபதுகள் பிறந்தபின் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். படம் போட்ட காகிதப் பையில் தீவனம். வெளிநாட்டில் வானத்தைத் தொடுகிற இரும்பு உருளைகளில் தானியத்தைக் கொட்டி வைக்கிறார்கள், ஒரு கை படாமல் எந்திரமே அரைத்து, கலந்து, குச்சி குச்சியாக அழுத்தித் தள்ளுகிறது, கப்பலில் ஏற்றி உலகம் பூரா அனுப்புகிறார்கள் என்று படங்களைக் காட்டினார். மாமனார் எல்லாவற்றையும் ஆசையாகத்தான் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "அங்க யாருங்க வாயில போட்டுப் பாக்கறது?"

"யாரும் இல்லீங்க. லேபரட்டரியில டெஸ்ட் பண்ணுவாங்க."

இவர் படத்தில் இருந்த வெள்ளைக்கார மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம். பெத்தவங்க இல்லாத புள்ளைங்க மாதிரி வளருதுங்க" என்றார். கம்பெனிக்காரருக்கும் ஒரு கை கொடுத்து அனுப்பினார். அவர் மாரண்டஹள்ளிக் கடைவீதியில் ஒரு ஏஜென்சி போட்டுவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. பிழைப்பாரா என்று பயந்து சாமியாரைக் கூட்டிவந்து, சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் எல்லாம் கொடுத்துவிட்டோம். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நடை தேறியதும் மில்லுக்கு வந்து முதல் வேலையாக ஒரு கை அள்ளி வாயில் போட்டார். "மாப்ளே, நீங்களும் போடுங்க" என்றார். முன்பெல்லாம் எப்போதாவதுதான் என்னைக் கூப்பிடுவார். அன்றிலிருந்து தினமும், ஒவ்வொரு லோடுக்கும் நான் வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் என் நாக்கின் அருமை அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு முறை தவிட்டு லோடு வந்தது. அதே லாரி அதற்கு முன் மண்ணெண்ணெய் டின் ஏற்றியிருக்கிறது. இருவரும் ஒன்றாக வாயில் போட்டோம். நான் குடல் வெளியே வருகிற மாதிரி துப்பினேன். அவர் நிதானமாக என் முகத்தைப் பார்த்து, நான் துப்பியதைப் பார்த்து, பிறகு தானும் துப்பினார். "திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் டிரைவரிடம்.

வீட்டுக்கு வந்து லூர்துவிடம் பெருமையடித்தேன். "உங்க அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நாக்கு. நான் துப்பறதும் அவரு துப்பறதும் ஒண்ணா இருக்குது."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அவருக்கு நாக்கே இல்லீங்க. ஜுரத்தோட ருசியும் வாசனையும் போயிருச்சு. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் நல்லது கெட்டது சொல்றாரு."

"யார் யாருக்குத் தெரியும்?"

"வூட்ல எல்லாருக்கும். உங்களத் தவிர. உங்களுக்குச் சொன்னா நீங்க மூஞ்சிய ஒழுங்கா வெச்சுக்கப் பாப்பீங்களாம். அப்பறம் ஒண்ணும் தெரியாதுன்னு அப்பா சொன்னாரு."

ஒரு பக்கம் அவமானமாக இருந்தது. இன்னொரு பக்கம் பயமாக இருந்தது. வாய் போன மில்காரரிடம் யார் வருவார்கள்? கடைவீதியில் ஏஜென்சிக்காரன் படம் போட்ட பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். விஷயம் வெளியே தெரிந்தால் மில்லை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் தெரிந்துகொண்டதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவர் மென்றுகொண்டே பார்ப்பார், நான் முகத்தை அதன் போக்கில் விட்டுவிடுவேன். வேறு எந்த வேலைக்கும் நான் இவ்வளவு பொருத்தமாக இருந்ததில்லை.

ஒரே ஒரு சங்கடம், சாப்பாட்டு நேரத்திலும் அவர் என்னையே பார்த்தார். எதிரே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு உருண்டைக்கும் என் முகத்தில் கண். வீட்டோடு மாப்பிள்ளைக்கு உரிய சந்தேகம் எனக்கு வந்தது. எவ்வளவு தின்கிறான் என்று கணக்குப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று மூன்றாவது களி உருண்டையை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்போது அவர் முகம் வாடும். இன்னொன்று போடச் சொல்லி அத்தையை அதட்டுவார். குழப்பமாக இருந்தது.

என் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று நான் ஊருக்குப் போயிருந்த ஐப்பசி மாதத்தில் தப்பு நடந்தது. அடைமழை. சேலம் பக்கமிருந்து ஒரு புண்ணாக்கு லோடு வந்திருக்கிறது. பார்க்க என் முகம் இல்லை. லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். வாயில் போடாமல் இருந்தாலும் சந்தேகம் வரும். இவர் போட்டார், மென்றார், தலையாட்டினார். லோடு இறங்கியது. நான் திரும்புவதற்குள் அரைத்துக் கலந்து விற்றும் விட்டார்கள்.

நான் வந்த மறுநாள் காலையில் மில் முற்றத்தில் ஒரு கூட்டம். முன்னால் நின்றவன் மாதப்பன். கடன் வாங்கிக் கலப்பின மாடு ஒன்று வாங்கியிருந்தவன், அந்த மாட்டை நம்பித்தான் அவன் வீடு ஓடியது. துண்டில் முடிந்து கொண்டுவந்த தீவனத்தை அவிழ்த்தான்.

"மாடு மோந்து கூடப் பாக்க மாட்டேங்குது. தின்ன மட்டுக்கும் கழியுது. பால் நின்னு போச்சு. உங்களுக்கு வாயே போயிருச்சுன்னு கடைவீதியில பேசிக்கறாங்க. நான் நம்பலீங்க. எல்லாரு முன்னாடியும் வாயில போட்டு, இது நல்லதா கெட்டதான்னு நீங்களே சொல்லுங்க."

மாமனார் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண் என்னைத் தேடியது. நான் போய்க் கையை நீட்டினேன். "எனக்கும் கொஞ்சம் குடுங்க."

"நீங்க இருங்க. அவுரு சொல்லட்டும்" என்று மாதப்பன் துண்டை இழுத்துக்கொண்டான்.

வாயில் போடாமல் எனக்கு என்ன தெரியும்? மாடு தின்னவில்லை என்கிறானே, கெட்டதாகத்தான் இருக்கும் என்று முகத்தைச் சுளிக்கலாம். அவன் வேண்டுமென்றே நல்லதைக் கொண்டுவந்து சோதிக்கிறானோ என்னவோ. என் முகம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தும்மல் வந்து பாதியில் நின்றுபோனவன் மாதிரி இருந்ததாக லூர்து பிறகு சொன்னாள்.

அவர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தேகம் வந்தால் துப்பிவிடுகிறவர் அன்று வாயிலிருந்ததை முழுங்கினார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார். "ஜுரத்துல நாக்கு போயிருச்சு. மண்ணைக் குடுத்தாலும் சக்கரையக் குடுத்தாலும் எனக்கு ஒண்ணுதான். இத்தினி நாளு நீங்க நம்பி வாங்கினது என் வாய இல்ல. எங்க மருமவன் மூஞ்சிய. அவுரு ஊருக்குப் போயிருந்தாரு. நான் குருட்டாம்போக்குல தலையாட்டிட்டேன். தப்பு எம்மேலதான்."

எலும்புக்குத் தோல் போர்த்தியது போலிருந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நின்றதைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பெரிய மனுஷனை இப்படி நிற்க வைத்துவிட்டார்களே என்று மாதப்பன் மேல் கோபம் வந்தது. அவன் மாட்டை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை. மாதப்பன் மெதுவாக என் பக்கம் திரும்பித் துண்டை நீட்டினான்.

"அப்பன்னா நீங்க போடுங்க."

நான் போட்டேன். என் முகம் அதன் வேலையைச் செய்தது. பூஞ்சைக் கசப்பு தொண்டை வரை இறங்கியது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர், "அய்யய்யோ, தண்ணி குடுங்கப்பா அவுருக்கு" என்றார்.

மாமனார் கையைக் காட்டினார். "மண்ணுக்கு. கொண்டுபோன மூட்டைய எல்லாம் திருப்பிக் கொண்டாங்க. குழி வெட்டிப் பொதச்சரலாம்."

அன்றே வண்டிகள் போய் மூட்டைகளைத் திருப்பி எடுத்து வந்தன. எல்லாவற்றையும் புதைத்தோம். சிலர் படம் போட்ட பைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் கேள்வி மாறிவிட்டது. "மருமவன் இருக்கறாருங்களா? மூஞ்சியப் பாத்துட்டு வாங்கிக்கறோம்." எனக்கு வயிற்றுவலி வந்தால் வியாபாரம் படுத்தது. பல்வலி வந்த வாரம் மில்லுக்கு வர வேண்டாம் என்று லூர்துவே சொல்லிவிட்டாள். மாதப்பனின் மாடு தேறியது, பழைய பால் வரவில்லை. அவன் மட்டும் ஒவ்வொரு முறையும் எல்லா மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு வாய் என்னைத் தின்ன வைத்துவிட்டுத்தான் வண்டி கட்டுவான். பாதி சந்தேகம், மீதி பழிவாங்கல். பட்டும் படாமலும் சிரித்துக்கொண்டே மாமனார் பார்த்துக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் அவர் படுத்துவிட்டார். தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கஞ்சியை ஸ்பூனால் ஊட்ட வேண்டியிருந்தது. அவர் கண் முன்னால் நான் களியும் குழம்புமாகச் சாப்பிடுவது மரியாதையாகப் படவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இதில் எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கூட வந்திருந்தது.

ரெண்டு நாளில் கஞ்சியும் வேண்டாம் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். அத்தை அடுப்படிக்கு வந்து நின்றார்.

"ஏங்க மாப்ளே, அவுரு முன்னாடி வந்து ஒக்காந்து சாப்புடுங்க."

"அவருக்குக் கஷ்டமா இருக்குமேங்க அத்தே."

"ஜுரத்துக்கு அப்பறம் அவுரு என்னத்தக் கண்டாரு? உங்க மூஞ்சியப் பாத்துத்தான் இத்தினி வருசமும் சோறு தின்னாரு. கொழம்பு நல்லா இருந்து நீங்க கண்ண மூடித் திங்கறப்ப, அவுரும் ஒரு உருண்டை கூடப் போட்டுக்குவாரு. 'மாப்ளே சாப்டறதப் பாத்தா எனக்கு நாக்குல எச்சி ஊறுது புள்ளே'ன்னு சொல்வாரு. நீங்க இங்க வந்து ஒளிஞ்சுக்கிட்டா அவுரு எப்பிடிங்க திம்பாரு?"

தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். களி, கருவாட்டுக் குழம்பு. லூர்து அவர் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் என் முகத்துக்கு வந்து நின்றது. நான் ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தேன். ருசியாக இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று என்னால் முடிந்த மட்டும் பார்த்தேன். காட்ட வேண்டும் என்று நினைத்து என் முகம் எதையும் காட்டியதில்லை. உதடு கோணிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்து மூக்கு ஒழுகியது.

அவர் கவலையாகப் பார்த்தார்.

"என்னாங்க மாப்ளே, ஒறைக்குதா?"

"ஆமாங்க மாமா. கொஞ்சம் காரம்."

அவர் அத்தையின் பக்கம் கண்ணைத் திருப்பினார். "நாளைக்கு மொளகா கொறச்சுப் போடு" என்றார். பிறகு லூர்து நீட்டிய கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.